பொருளும் அருளும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



இம்முகாமில் இரண்டு நாட்களாக ஊராட்சி நிதி, ரொக்கப் பதிவேடு, தணிக்கைத் தடை என்று கேட்டுக் கேட்டு உங்களுக்குச் சலிப்புத் தட்டியிருக்கும். ஆகவே இன்று பிற்பகல் ஒரு மனிதருடைய வாழ்க்கையைச் சொல்லலாம் என்று எண்ணி வந்தேன். அவர் நம் நாட்டவர் அல்லர், உழவரும் அல்லர். பங்கு வணிகத்தில் பணம் சேர்த்தவர். பிறர் தம்மை நம்பி ஒப்படைத்த பொருளை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பெருக்கிக் கொடுத்தவர். தம் சொந்தப் பொருளில் பெரும்பகுதியை, மக்களிடையே இறையுணர்வும் அதனைப் பற்றிய ஆராய்ச்சியும் வளரவேண்டும் என்று எழுதிவைத்துப் போனவர். சர் ஜான் டெம்பிள்டன் என்பது அவர் பெயர். 1912-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் அமெரிக்காவில் பிறந்து, 2008-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் பகாமாஸ் தீவுகளில் காலமானார்.

பிறருடைய பணத்தைக் கையாளுகிற பொறுப்பு அவருக்கு இருந்தது, உங்களுக்கும் இருக்கிறது. அந்த ஒரு பொருத்தத்துக்காகவே அவரைத் தேர்ந்தெடுத்தேன். அவரிடம் நான் மனமாரப் போற்றும் குணங்கள் உண்டு. போற்ற இயலாத ஒரு காரியமும் உண்டு. இரண்டையும் சொல்லிவிடுவதே முறையென்று கருதுகிறேன்.

டென்னசி மாநிலத்தில் வின்செஸ்டர் என்ற சிற்றூர் அவர் பிறந்த இடம். சுற்றிலும் பருத்தியும் சோளமும் விளையும் நாட்டுப்புறம். தந்தையார் ஹார்வி டெம்பிள்டன் வழக்கறிஞர். ஆயினும் வழக்கை மட்டும் நம்பி அவர் இருக்கவில்லை. பருத்தியிலிருந்து கொட்டையை நீக்கும் ஜின்னிங் ஆலை ஒன்றையும் நடத்தினார், நிலமும் வாங்கினார். நிலம் வாங்கிய விதந்தான் நாம் கவனிக்கத்தக்கது. ஊர் நடுவில் நீதிமன்றச் சதுக்கம். அதை நோக்கி அவருடைய அலுவலகத்தின் ஜன்னல். கடனுக்காக ஜப்தி செய்யப்பட்ட பண்ணைகள் அச்சதுக்கத்தில் ஏலத்துக்கு வரும். ஹார்வி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பார். கேட்பார் இல்லை என்று தெரிந்தால் மட்டும் படியிறங்கிப் போய்ச் சொற்ப விலைக்கு ஏலம் எடுப்பார். இவ்வாறு 1920-களின் நடுவில் அவர் ஆறு பண்ணைகளுக்கு உடையவரானார். ஒருவரும் வாங்க முன்வராத வேளையே வாங்குவதற்கு உகந்த வேளை என்ற பாடத்தைச் சிறுவன் ஜான் அங்கேதான் கற்றுக்கொண்டான் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் வியந்து எழுதுகிறார்கள்.

எனக்கு வேறொரு நினைவும் வருகிறது. அப்பண்ணைகளை அதுவரை உழுதுவந்த குடும்பங்கள் இருந்திருக்கும் அல்லவா? அவர்களுடைய பெயர் அந்த வரலாறுகளில் இல்லை. ஏல அறிவிப்பைச் சாவடிச் சுவரில் ஒட்டக் கண்டிருக்கும் உழவர்கள் இக்கூட்டத்தில் இருக்கக்கூடும். அவர்கள் இக்கதையை ஜன்னல் பக்கத்திலிருந்து கேட்கமாட்டார்கள். சதுக்கத்தில் நின்றுதான் கேட்பார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

அந்தத் தந்தையாரே மற்றொரு பாடத்தையும் கற்பித்தார். அவர் விரும்பிக் கற்பித்ததன்று. பருத்தி விலையின் மீது முன்பேர வணிகம் செய்வது அவருக்கு வழக்கம். ஒருநாள் வீட்டுக்கு வந்து, இனி நாம் பணக்காரர்கள் என்று பிள்ளைகளிடம் மகிழ்ச்சியோடு சொன்னார். சில நாட்களில் திரும்பி வந்து, எல்லாம் போய்விட்டது என்றார். அன்று கண்ட காட்சி ஜான் டெம்பிள்டனை ஆயுள் முழுவதும் விடவில்லை. கடன் வாங்கி வீடு கட்டுவதில்லை, தவணையில் பொருள் வாங்குவதில்லை என்று அவர் பிற்காலத்தில் உறுதியாக நின்றதற்கு இதுவே வேர் என்பது என் எண்ணம்.

தாயார் வெல்லா பக்தி மிகுந்தவர். பிரெஸ்பிட்டேரியன் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தது அக்குடும்பம். வருவாயில் பத்தில் ஒரு பங்கை இறைவனுக்கென்று எடுத்துவைக்கும் தசமபாக வழக்கத்தைக் கிறித்தவ நண்பர்கள் அறிவார்கள். அவ்வழக்கம் ஜானுக்கு இளமையிலேயே படிந்தது. ஆக, தந்தையாரிடம் வாங்கவும் தாயாரிடம் கொடுக்கவும் கற்றுக்கொண்டார் எனலாம்.

ஊரில் இரண்டு பழைய போர்டு மோட்டார் வண்டிகளை வண்டிக்குப் பத்து டாலர் வீதம் நண்பர்களோடு சேர்ந்து வாங்கி, இரண்டையும் பிரித்து, ஓடக்கூடிய ஒரு வண்டியாக அவர் பூட்டிய கதையும் உண்டு. டீசல் எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் நம் ஊர்ப் பையன்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆதலால் அதைக் கடந்து செல்கிறேன்.

யேல் பல்கலைக்கழகத்தில் அவர் பயின்றுகொண்டிருந்தபோது உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1931-இல் தந்தையார், இனி உன் படிப்புக்கு ஒரு டாலர் கூட அனுப்ப இயலாது என்று எழுதிவிட்டார். உதவித்தொகை, பகுதி நேர வேலை, போக்கர் என்னும் சீட்டாட்டத்தில் வென்ற பணம் ஆகிய மூன்றையும் கொண்டு அவர் படிப்பை முடித்தார். மூன்றாவது வழியை நான் யாருக்கும் சொல்லவில்லை. உண்மையை மறைக்கலாகாது என்பதற்காகச் சொன்னேன். 1934-இல் பட்டம் பெற்று, ரோட்ஸ் உதவித்தொகையில் இங்கிலாந்திலுள்ள ஆக்ஸ்போர்டு சென்று சட்டம் படித்தார். 1936-இல் அங்கிருந்து புறப்பட்டு, சிக்கனமாகப் பல நாடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார்.

1937-இல் மணம் முடித்து நியூயார்க்கில் குடியேறியபோது கணவனும் மனைவியும் ஓர் உறுதி செய்துகொண்டார்கள். சம்பாதிக்கும் ஒவ்வொரு டாலரிலும் பாதியைச் சேமித்துவிட வேண்டும் என்பதே அது. வீட்டுச் சாமான்களையெல்லாம் ஏலத்திலும் பழைய பொருட்கடையிலும் தேடி, ஐந்து அறைகளுக்கான தட்டுமுட்டுகளை 25 டாலருக்குள் வாங்கினார்கள். வறுமையால் இப்படிச் செய்யவில்லை. எங்கே எது மலிவு என்று நண்பர்களோடு போட்டி போட்டு அலைவது அவர்களுக்கு ஒரு விளையாட்டாகவே இருந்ததாம். சிக்கனத்தைத் துன்பமாக எண்ணுகிறவரிடம் அது நெடுநாள் தங்குவதில்லை என்பதைத் தாய்மார்கள் அறிவீர்கள்.

இனி அவருடைய தொழிலுக்கு வருவோம். பங்கு என்றால் என்னவென்று முதலில் ஒரு சொல். நம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தில் நீங்கள் பங்குத்தொகை கட்டியிருக்கிறீர்கள். கம்பெனியிலும் அவ்வாறே முதலைச் சிறு பங்குகளாகப் பிரித்துப் பலர் வாங்குகிறார்கள். கூட்டுறவுப் பங்கின் மதிப்பு கட்டிய அளவிலேயே நிற்கும். கம்பெனிப் பங்கை நாள்தோறும் சந்தையில் விற்கலாம், வாங்கலாம். தக்காளி விலை போல அதன் விலை ஏறும், இறங்கும். கம்பெனி நன்றாக நடந்துகொண்டிருந்தாலும் அச்சத்தால் விலை விழுவதுண்டு; கம்பெனி வெற்றுக் கூடாக இருந்தாலும் ஆசையால் விலை ஏறுவதுண்டு.

1939-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பாவில் போர் மூண்டது. பத்தாண்டு மந்தத்தால் ஏற்கெனவே நொந்திருந்த அமெரிக்கப் பங்குதாரர்கள் மேலும் அஞ்சினார்கள். டெம்பிள்டனுக்கு அப்போது 26 வயது. போர் வந்தால் ஆலைகளுக்கு வேலை வரும், ரயில்களுக்குச் சரக்கு வரும், நொடித்துப்போன கம்பெனியும் எழுந்து நிற்கும் என்று அவர் கணக்கிட்டார். முன்பு தாம் வேலை பார்த்த இடத்தின் முதலாளியிடம் 10,000 டாலர் கடன் பெற்றார். சந்தையில் ஒரு டாலரோ அதற்குக் குறைவாகவோ விலைபோன 104 கம்பெனிகளின் பங்குகளை, கம்பெனிக்குச் சுமார் 100 டாலர் வீதம் வாங்கினார். அவற்றுள் முப்பதுக்கு மேற்பட்டவை நீதிமன்றத்தில் திவால் மனுக் கொடுத்தவை! அவற்றையும் விலக்காமல் வாங்கும்படி தரகரிடம் சொன்னார். நான்காண்டுகளில் அத்தொகை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. 104-இல் நான்கே நான்கு கம்பெனிகள்தாம் அடியோடு வீணாயின.

அவருடைய வாழ்க்கையில் அவர் கடன் வாங்கி முதலீடு செய்தது இந்த ஒரு தடவைதான் என்று சொல்லப்படுகிறது. இதைக் கேட்டுவிட்டு யாரேனும் நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கப் போவீர்களானால் என் பேச்சு பயனற்றது மட்டுமன்று, கேடு விளைத்ததும் ஆகும். அவர் கடன் வாங்கிய நாளில் அவரிடம் சொந்தச் சேமிப்பும் இருந்தது. கம்பெனிகளின் கணக்கை வரி வரியாகப் படித்தறியும் பயிற்சியும் இருந்தது.

1951-இல் பெர்முடா தீவுக்கு விடுமுறைக்குச் சென்றிருந்தபோது மோட்டார் சைக்கிள் விபத்தில் அவர் மனைவி ஜூடித் இறந்துபோனார். மூன்று சிறு குழந்தைகளோடு அவர் தனித்து நின்றார். 1958-இல் ஐரீன் என்ற அம்மையாரை மணந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவருடைய உள்ளம் இறைவழிபாட்டிலும் வேலையிலும் ஆழ்ந்தது.

1954-இல் டெம்பிள்டன் வளர்ச்சி நிதி என்ற பரஸ்பர நிதியைத் தொடங்கினார். பலர் சிறுகச் சிறுகக் கொடுக்கும் பணத்தை ஒன்றாகத் திரட்டி, பல கம்பெனிகளில் போட்டு, லாபநட்டத்தை அவரவர் தொகைக்கேற்பப் பகிர்ந்துகொள்வதே பரஸ்பர நிதி. அமெரிக்கப் பணத்தை அமெரிக்காவிலேயே போடவேண்டும் என்று எல்லோரும் எண்ணிய காலத்தில், உலகத்தில் எங்கே மலிவோ அங்கே போகலாம் என்றார் இவர். போரில் நொறுங்கிய ஜப்பான் மலிவுப் பொம்மைகள் செய்யும் நாடு என்று பிறர் நகைத்தபோது, அம்மக்களின் சிக்கனத்தையும் உழைப்பையும் கண்டு அங்கே முதலீடு செய்தார். 1960-களின் இறுதியில் நிதியின் மிகப்பெரும் பகுதி ஜப்பானியக் கம்பெனிகளிலேயே இருந்தது. ஜப்பானின் வளர்ச்சியை உலகம் கண்டு வியந்தது அதற்குப் பிற்பாடு.

1954-இல் அந்த நிதியில் 10,000 டாலர் போட்டு, கிடைத்த ஆதாயத்தை எடுக்காமல் அதிலேயே விட்டுவைத்தவருக்கு 1992-இல் 20 லட்சம் டாலர் சேர்ந்திருந்தது. இது மாயமன்று. ஆண்டுக்குச் சராசரி சுமார் 15 விழுக்காடு வளர்ந்தால் பணம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்று இரண்டாகி, நான்காகி, எட்டாகி, இப்படி ஏழு தடவை இரட்டித்தால் 128 ஆகிறது. எட்டாவது இரட்டிப்பு முடிவதற்குள் இருநூறை எட்டுகிறது. ஆனால் அந்த 38 ஆண்டுகளில் நிதியின் மதிப்பு இறங்கிய ஆண்டுகளும் இருந்தன. இறங்கிய ஆண்டில் அஞ்சி எடுத்துக்கொண்டு போனவருக்கு இக்கணக்குப் பொருந்தாது.

மேலும் ஒன்று. இவ்வளவு தருவேன் என்று அவர் யாருக்கும் உறுதிமொழி கொடுக்கவில்லை. மூன்று முடிவுகளில் இரண்டு சரியானால் அதுவே பெரிது, மூன்றில் ஒன்று தவறத்தான் செய்யும் என்று வெளிப்படையாகச் சொல்லிவந்தார். 2012-ஆம் ஆண்டில் கொங்கு நாட்டில் ஈமு கோழி வளர்ப்பு என்ற பெயரால், மாதம் இவ்வளவு, ஆண்டுக்கு இவ்வளவு என்று பத்திரம் எழுதிக்கொடுத்துப் பணம் வாங்கிய கம்பெனிகள் கவிழ்ந்ததையும், ஆயிரக்கணக்கான உழவர்கள் முதலை இழந்து நின்றதையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தவறக்கூடும் என்று முன்னதாகவே சொல்கிறவனைக் கண்டால் நமக்கு நம்பிக்கை வருவதில்லை. தவறவே தவறாது என்கிறவனிடந்தான் பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். இது நம்முடைய நெடுநாளைய நோய்.

பிறர் பணத்தைக் காப்பது புனிதமான பொறுப்பு என்பது டெம்பிள்டனுடைய கொள்கை. நிதியின் கூட்டங்களை அவர் வழிபாட்டோடு தொடங்குவார். பங்கு விலை ஏறவேண்டும் என்று வேண்டிக்கொள்வீர்களோ என்று சிலர் கேலி செய்ததுண்டு. அப்படியன்று, மனம் தெளிந்தால் மடத்தனமான முடிவுகள் குறையும், அதற்காகவே வழிபாடு என்பது அவர் மறுமொழி. கோடிக்கணக்கில் சேர்ந்த பின்னும் விமானத்தில் சாதாரண வகுப்பில்தான் பயணம் செய்தார். எந்தச் சந்திப்புக்கும் குறித்த நேரத்துக்கு முன்னதாகவே சென்றுவிடுவார். காத்திருக்கும் நேரத்தில் படிப்பதற்குக் கையில் ஏதேனும் வைத்திருப்பார். கூட்டம் பத்து மணிக்கு என்று அறிவித்துவிட்டுப் பன்னிரண்டுக்குத் தொடங்கும் நம் வழக்கத்தை நான் இங்கே எடுத்துச் சொல்லப்போவதில்லை.

இப்போது, நான் போற்ற இயலாதது என்று சொன்ன காரியத்துக்கு வருகிறேன். 1960-களில் அவர் அமெரிக்காவை விட்டுப் பகாமாஸ் தீவுகளில் குடியேறினார். அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்து பிரிட்டிஷ் குடிமகனானார். பகாமாசில் வருமான வரி இல்லை. 1992-இல் தம் நிதி நிறுவனங்களைப் பிராங்க்ளின் என்னும் நிறுவனத்துக்கு விற்றபோது, அமெரிக்கக் குடிமகனாக இருந்திருந்தால் அவர் செலுத்தியிருக்க வேண்டிய வரி சுமார் 10 கோடி டாலர் என்று பத்திரிகைகள் கணக்கிட்டன. சட்டப்படி அவர் செய்தது குற்றமன்று. மிஞ்சிய பணத்தை நன்கொடையாகவே கொடுத்தார் என்பதும் மெய். ஆகவே இதில் என்ன பிழை என்று கேட்கிறவர்கள் உண்டு.

நம் ஊர்களில் ஒரு பெரியவரை எண்ணிப் பாருங்கள். கோயில் குடமுழுக்குக்கு லட்சம் ரூபாய் கொடுக்கிறார். கல்வெட்டில் பெயர் பொறிக்கிறார்கள். அதே பெரியவருடைய மாடி வீட்டுக்கு மூன்றாண்டு வீட்டு வரி பாக்கி. ஊராட்சிச் செயலர் கேட்கப் போனால், ஊருக்கு எவ்வளவு செய்திருக்கிறேன், என்னிடமா வரி கேட்கிறாய் என்கிறார். இவர் கொடுக்காதவர் அல்லர். ஆனால் எதற்குக் கொடுப்பது என்பதைத் தாமே முடிவு செய்ய விரும்புகிறார். வீட்டு வரியாகச் செலுத்தினால் அப்பணம் தெருவிளக்குக்கா, குடிநீர்க் குழாய்க்கா என்பதைக் கிராம சபையில் அனைவரும் கூடி முடிவு செய்வார்கள். அவருடைய தோட்டத்தில் களை எடுக்கும் அம்மையாருக்கும் அதில் கையுயர்த்த உரிமை உண்டு. நன்கொடையில் அந்த அம்மையாருக்குக் குரல் இல்லை. டெம்பிள்டன் கொடுத்தவை எல்லாம் நல்ல காரியங்களாகவே இருக்கட்டும். வின்செஸ்டரில் பள்ளிக்கூடமும் சாலையும் அமைத்துக்கொடுத்த அரசுக்குச் சேரவேண்டிய பங்கை அவருடைய கொடை ஈடு செய்துவிட்டதாக என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வரி வசூலிப்பது என் உத்தியோகத்தில் ஒரு பகுதியாதலால் நான் இப்படிப் பேசுகிறேன் என்று நீங்கள் எண்ணினாலும் எண்ணலாம்.

ஜன்னலிலிருந்து சதுக்கத்தைப் பார்ப்பது பற்றி முன்பு சொன்னேன். விற்கத் துடிக்கிறவனிடம் வாங்குவது அவனுக்குச் செய்யும் உதவியே என்று டெம்பிள்டன் கருதினார். பங்குச் சந்தையில் இது ஓரளவு பொருந்தும்; பங்கை விற்றவன் மறுநாளும் தன் வீட்டில்தான் உறங்குகிறான். நிலத்தை விற்றவனுக்கு இது பொருந்தாது. ஒரே நியதியைத் தந்தை நிலத்திலும் மகன் காகிதத்திலும் கையாண்டார்கள். மகன் கையாண்ட முறையில் கண்ணீர் குறைவு என்பது என் கருத்து.

இனி அவருடைய கொடைகள். ஆல்பிரட் நோபல் ஏற்படுத்திய பரிசுகள் அறிவியலுக்கும் இலக்கியத்துக்கும் சமாதானத்துக்கும் இருக்கின்றன, ஆன்மிகத்துக்கு இல்லை. இதை ஒரு குறையென்று கருதிய டெம்பிள்டன் 1972-இல் தம் பெயரால் ஒரு பரிசை நிறுவினார். பரிசுத் தொகை எப்போதும் நோபல் பரிசை விஞ்சி இருக்கவேண்டும் என்று விதித்தார். வணிகர் அல்லவா! உலகம் ஒன்றை எவ்வளவு மதிக்கிறது என்பதை உலகம் தொகையைக் கொண்டே அறிகிறது என்பது அவருக்குத் தெரியும்.

முதற் பரிசு 1973-இல் கல்கத்தாவின் அன்னை தெரேசாவுக்கு வழங்கப்பட்டது. அன்னைக்கு நோபல் பரிசு கிடைத்தது 1979-இல். டெம்பிள்டனின் குழு ஆறாண்டுகள் முந்திக்கொண்டது. 1975-இல் பரிசு பெற்றவர் நம் திருத்தணியில் பிறந்த டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். டெம்பிள்டன் படிப்பை முடித்து ஆக்ஸ்போர்டை விட்டுப் புறப்பட்ட அதே 1936-ஆம் ஆண்டில்தான் ராதாகிருஷ்ணன் அங்கே பேராசிரியராகப் பொறுப்பேற்றார் என்பது ஒரு சுவையான பொருத்தம். குடியரசுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்று, நோயுற்றிருந்த நிலையில் இப்பரிசு அவரை வந்தடைந்தது. பரிசுத் தொகை முழுவதையும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கே அவர் கொடுத்துவிட்டார். அவ்வாண்டு ஏப்ரலில் காலமானார். 1990-இல் பாபா ஆம்தே பெற்றார். மராட்டிய மாநிலத்தில் வரோரா என்னும் ஊருக்கு அருகே, கல்லும் முள்ளுமாகக் கிடந்த நிலத்தில் தொழுநோயாளர்கள் தாங்களே கிணறு வெட்டி, உழுது, பயிரிட்டு வாழும் ஆனந்தவனத்தை நிறுவியவர் அவர்.

1987-இல் டெம்பிள்டன் ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தினார். அதே ஆண்டு அவருடைய அறப்பணிகளுக்காக இங்கிலாந்து அரசியார் சர் பட்டம் அளித்தார். அவர் இறந்தபோது அறக்கட்டளையின் முதல் சுமார் 150 கோடி டாலர். ஏழைகளுக்கு உணவு, உடை என்று கொடுக்காமல் அதன் பெரும்பகுதியை ஆராய்ச்சிக்கு அளித்தார். மன்னிக்கும் குணம் மனிதனுக்கு என்ன செய்கிறது, நன்றியறிதல் உடல்நலத்தைக் கூட்டுமா என்றெல்லாம் ஆராய்ச்சிகள் நடந்தன. வேளாண்மையில் ஆராய்ச்சி செய்து விளைச்சலைப் பெருக்குகிறோம், மருத்துவத்தில் ஆராய்ச்சி செய்து நோயை வெல்கிறோம், சமயத்தில் மட்டும் ஏன் முன்னோர் அறிந்ததோடு நின்றுவிடுகிறோம் என்று அவர் கேட்டார். கடவுளைப் பற்றி நாம் அறிந்தது மிகச் சொற்பம் என்ற பணிவு அக்கேள்வியில் இருந்தது. அறிவியலுக்குள் சமயத்தைப் பணத்தின் துணையால் நுழைக்கிறார் என்று விஞ்ஞானிகளுள் சிலர் அவரைக் கடுமையாகக் குறைகூறியதும் உண்டு.

அவருடைய நேர்மையைக் காட்டும் ஒரு நிகழ்ச்சியை மட்டும் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பிறர் செய்யும் பிரார்த்தனை நோயாளியைக் குணப்படுத்துமா என்று சோதிக்க ஓர் ஆராய்ச்சி நடந்தது. செலவு 24 லட்சம் டாலர். பெரும்பகுதியைக் கொடுத்தது டெம்பிள்டன் அறக்கட்டளை. ஆறு மருத்துவமனைகளில் பைபாஸ் என்னும் இருதய அறுவை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். முதற் பிரிவினருக்காக முன்பின் அறியாத பக்தர்கள் பிரார்த்தனை செய்தார்கள். இரண்டாம் பிரிவினருக்காகச் செய்யவில்லை. தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா இல்லையா என்பது இவ்விரு பிரிவினருக்கும் தெரியாது. மூன்றாம் பிரிவினரிடம், உங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று சொல்லியே செய்தார்கள். முடிவு 2006-இல் வெளியாயிற்று. அறுவைக்குப் பிந்திய சிக்கல்கள் முதற் பிரிவில் 52 விழுக்காட்டினருக்கும் இரண்டாம் பிரிவில் 51 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டன, வேறுபாடு இல்லை. பிரார்த்தனை நடக்கிறது என்று அறிந்திருந்த மூன்றாம் பிரிவிலோ 59 விழுக்காடு! நமக்காகப் பிரார்த்திக்கும் அளவுக்கா நம் நிலை மோசமாகிவிட்டது என்ற அச்சமே காரணமாகலாம் என்று மருத்துவர்கள் கருதினார்கள்.

நாள்தோறும் பிரார்த்தனை செய்துவந்த ஒருவர், 93-ஆம் வயதில், தம் அறக்கட்டளையின் பணத்தால் நடந்த ஆராய்ச்சியில் இப்படியொரு முடிவைப் பெற்றார். அது மறைக்கப்படவில்லை, மருத்துவ இதழில் எல்லோரும் படிக்கும்படி அச்சாயிற்று.  நம் கிராமங்களில் சமூகத் தணிக்கை நடக்கும் நாளில், பாதகமான வரிகளை அறிக்கையிலிருந்து நீக்கிவிட முடியுமா என்று என்னிடம் கேட்ட தலைவர்கள் உண்டு. அவர்கள் பெயரைச் சொல்லமாட்டேன். இந்த அரங்கில் அவர்கள் இல்லை என்றே வைத்துக்கொள்வோம்.

கடைசியாக, 1997-இல் டெம்பிள்டன் பரிசு பெற்றவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பாண்டுரங்க சாஸ்திரி அதாவலே என்பது அவர் பெயர். மராட்டியத்தைச் சேர்ந்தவர், 2003-இல் மறைந்தார். அவருக்குக் கிடைத்த தொகை 12 லட்சம் டாலருக்கு மேல். கீதையைப் போதித்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்ற அவரும் அவருடைய தொண்டர்களும் யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை. ஊருக்குப் பொதுவாக ஒரு வயலை ஏற்பாடு செய்யும்படி உழவர்களிடம் சொன்னார்கள். யோகேசுவர கிருஷி என்று அதற்குப் பெயர். ஊரிலுள்ள ஒவ்வொருவரும் ஆண்டில் சில நாட்கள் முறைவைத்து அந்த வயலில் வேலை செய்யவேண்டும். அந்த நாட்களில் அவர் கூலியாள் அல்லர், கடவுளுக்குப் பூசை செய்யும் அர்ச்சகர். பூசை என்றபடியால் சாதி பார்த்து ஒருவரைத் தள்ளிவைக்க வழியில்லை. விளைச்சல் எவருடையதும் அன்று, கடவுளுடையது. அதனை ஊரில் துன்பப்படுகிற குடும்பத்துக்குக் கடவுளின் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். கடற்கரை ஊர்களில் மீனவர்கள் இதே முறையில் பொதுப் படகு கட்டி, மத்ஸ்யகந்தா என்று பெயரிட்டு, முறைவைத்துக் கடலுக்குப் போனார்கள்.

குஜராத்திலும் மராட்டியத்திலும் இவ்வாறு பல கிராமங்கள் செய்தன. அரசாங்க மானியம் இல்லை, வங்கிக் கடன் இல்லை, பங்குச் சந்தையும் இல்லை. வாங்கிக்கொண்டவர் யார் என்பதை வெளியே சொல்வதில்லை; திருப்பிக் கொடு என்று கேட்பதுமில்லை. வசதி வந்தபோது அவரும் ஒருநாள் அதே வயலில் மண்வெட்டியோடு வந்து நிற்பார். நியூயார்க்கிலும் பகாமாசிலும் சேர்ந்த பணம் இத்தகைய ஓர் உழவர் கூட்டத்தைத் தேடி வந்து மாலையிட்டது என்பதை எண்ணும்போது, டெம்பிள்டன் மீது எனக்குள்ள மனக்குறையில் பாதி தீர்ந்துவிடுகிறது. மற்றொரு பாதியைப் பற்றி, வீட்டு வரி வசூல் குறித்த நாளைக் காலை அமர்வில் பேசலாம்.